18 வயசானா ஃபைலை மூடிடுவீங்களா?

எங்க தெருப் பையன் ஒருத்தன். பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க்கு. பதினொண்ணாவது படிக்கிறப்போ தூக்கம் போச்சு. காதுக்குள்ள யாரோ சாதி சொல்லி ஏசுறாங்கன்னான். காத்துச் சேட்டைன்னு வேப்பிலை அடிச்சாங்க. அப்புறம் ஒரு டீச்சரம்மா அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாத்திரை கேட்டுச்சு. பன்னிரண்டாவது தேறினான். பட்டணத்துக் கல்லூரியில் இடம், விடுதியில் ஒரு பாய். மாத்திரைச் சீட்டு மட்டும் பழைய ஊர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது. மாசாமாசம் போய்வர பஸ் காசு இல்லை. ரூமில் மாத்திரையைப் பார்த்த ஒருத்தன் 'மெண்டல் கோட்டா'ன்னான். அன்னைக்கே நிறுத்திட்டான். ரெண்டாவது செமஸ்டர் வருகைப் பதிவேட்டில் அவன் பேர் இல்லை. இப்போ செங்கல் சூளையில் இருக்கான். நல்ல நாளில் கல் அறுப்பான். கெட்ட நாளில் அடி வாங்குவான்.

இதைச் சொன்னால், 'குடும்பத்துக்கு விழிப்புணர்வு போதாது' என்கிறார்கள் பேரணி நடத்தும் கனவான்கள். என்னய்யா விழிப்புணர்வு? பையனுக்கு என்னன்னு அவன் ஆத்தாவுக்குத் தெரியும். எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பதும் தெரியும். அவளுக்கு இல்லாதது பஸ் காசு. புது ஊர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டை மாற்றிக் கொடுக்க ஒரு ஆள். அந்த ஆளை எந்தத் திட்டமும் நியமிக்கவில்லை.

வாழ்நாளில் வரும் மனநோய்களில் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அதாவது பள்ளி முடித்து, வீட்டை விட்டு, வேலை தேடி அலைகிற அதே வயசு. நம் அரசின் திட்டங்களோ அந்த வயசின் குறுக்கே வெட்டுகின்றன. 2013இல் வந்த பிள்ளைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம் 18 வயசோடு முடிகிறது. 2014இல் வந்த வளரிளம் பருவத்தினர் திட்டம் 19இல் முடிகிறது. 1996இல் திருச்சி உள்பட நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் வருகிறவருக்கு வைத்தியம் பார்க்கும். வராமல் போனவனை யார் தேடுவது?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நல்ல சட்டம்தான். சாதியின் பேரால் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்த நாட்டுக்கு அந்த வரி வந்து சேர 16 வருஷம் ஆனது. சரி, 18 வயசைப் பற்றி அது என்ன சொல்கிறது? உள்நோயாளியாக இருக்கும்போதே ஒரு பிள்ளைக்கு 18 முடிந்தால், 'சுயேச்சை நோயாளி' என்று வகை மாற்றச் சொல்கிறது. பதிவேட்டில் ஒரு கோடு அடித்து இன்னொரு கோடு போட்டாயிற்று! சுயேச்சையாக எங்கே போவான், எதைத் தின்பான்? காப்பக இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 21 வயசு வரை பின்பராமரிப்பு உண்டென்று 2015 இளைஞர் நீதிச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நடைமுறை எப்படியோ, எழுத்திலாவது இருக்கிறது. மனநோயோடு வளரும் பிள்ளைக்கு அந்தப் பாலத்தை ஏன் போடவில்லை?

ஏனென்றால் திட்டம் போடுகிறவர்களின் மனசில் இருக்கும் 'குடும்பம்' வேறு. மேல்சாதி வீட்டுப் பையனுக்கு அப்பன் சொத்தே மறுவாழ்வு மையம். அவன் ஒரு வருஷம் சும்மா இருந்தால் 'ஓய்வு'. சேரிப் பையன் ஆறு மாசம் சும்மா இருந்தால் தண்டச்சோறு. பெண்பிள்ளை என்றால் இன்னும் மோசம். 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்பதுதான் அவளுக்கு இந்தச் சமூகம் வைத்திருக்கும் மறுவாழ்வுத் திட்டம்.

ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தில், ஏழு மாச உதவித்தொகை தனக்கு வரவேண்டியிருப்பதைக் கணக்கோடு சொல்லியிருந்தார். அந்த வரியை ஆலோசகர்கள் படிக்க வேண்டும். பணத்தை நிறுத்திவிட்டு, விடுதியை விட்டு வெளியேற்றிவிட்டு, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதற்குப் பேர் வைத்தியமா? 100 மாணவருக்கு மேல் உள்ள கல்வி நிறுவனங்களில் ஒரு ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வரவேற்போம். ஆனால் அவர் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே இருக்கிறார். நம்ம பையனுக்கு அவர் ரொம்பத் தேவைப்படும் நாள், அவன் சுவருக்கு வெளியே வந்து விழும் நாள்.

இனி நம்மைப் பார்ப்போம் தோழர்களே. பூக்கோவைப் படித்துவிட்டு, பைத்தியம் என்பதே அதிகாரத்தின் கற்பிதம் என்று பேசினோம். 'சாதிதான் நோய், வேறு நோயில்லை' என்று சுவரில் எழுதினோம். பாதி உண்மை. காதுக்குள் கேட்கும் குரலுக்குச் சாதி வசவைக் கற்றுக் கொடுத்தது ஊர். ஆனால் அந்தக் குரலை அடக்க அவனுக்கு மாத்திரையும் வேண்டும். ரெண்டையும் சேர்த்துச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. செத்தவனுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தோம். உயிரோடு இருக்கிறவன் கூட்டத்தில் எழுந்து சம்பந்தமில்லாமல் பேசினால், 'லூசு, உக்காருடா' என்றோம். நம்மில் எத்தனை பேர் அப்படிச் சொன்னோம்?

கேட்க வேண்டியது இதுதான். 16 வயசிலேயே, அந்தப் பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு, அடுத்த ஐந்து வருஷத்துக்கான திட்டத்தை எழுத வேண்டும். பள்ளியிலிருந்து கல்லூரிக்கோ வேலைக்கோ போகும்வரை ஒரே ஊழியர் கூடவே வர வேண்டும். மாத்திரை எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குப் பயணப்படியும் கூலியும் வேண்டும். படிப்பை நிறுத்தியவன் திரும்பி வந்தால் இடமும் உதவித்தொகையும் காத்திருக்க வேண்டும். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கும் உரிமை 18 வயசிலிருந்து அவனுக்குச் சட்டப்படி உண்டு. அதை அவனுக்குச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் திட்டமிடும் குழுவில் நோயோடு வாழ்ந்த நம் பிள்ளைகள் உட்கார வேண்டும், சாட்சி சொல்ல அல்ல, முடிவெடுக்க.

2025இல் நம் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பேர் மாற்றினார்கள். ஏப்ரல் 14க்கு முன்னால் உங்கள் ஊர் விடுதிக்குப் போங்கள். காப்பாளரிடம் ரெண்டே கேள்வி: போன வருஷம் பாதியில் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைத் தேடிப் போனது யார்? பதில் இல்லையென்றால், அந்தப் பேர்களை எழுதி வாங்கிக்கொண்டு நாமே தேடிப் போவோம். சூளைக்கு நான் போகிறேன்.