கோழி சாகும்வரை காத்திருக்க வேண்டாம்

பறவைக் காய்ச்சல் நம் அரசுகளுக்குக் கோழி செத்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர், 2012இல் பெங்களூரை ஒட்டிய ஹெசரகட்டாவின் வான்கோழிகள், 2025இல் சிக்கபள்ளாப்பூர் என்று எல்லா இடத்திலும் கொன்று, புதைத்து, மருந்தடித்துவிட்டுக் கோப்பை மூடினோம். பரவலைத் தடுக்க அது தேவைதான். ஆனால் பறவைக் காய்ச்சல் வைரஸில் எச்9என்2 போன்ற வகைகள் பெரிதாக நோய் காட்டாமலே கோழிகளிடம் சுற்றுகின்றன. பெங்களூர் ஆஸ்டின் டவுன் கறிக்கடைக் கூண்டில் தீனி கொத்தும் பிராய்லரைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்லிவிட முடியாது. ஆகவே கடைகளிலும் சந்தைகளிலும், ஏரிகளுக்கு வரும் வலசைப் பறவைகளிடமும் ஆண்டு முழுவதும் மாதிரி எடுத்து, வைரஸ் வகைகளைச் சேமிக்க வேண்டும் என்கிறோம்.

ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி கிடா குழுவினர் பல்லாண்டுகள் இதைத்தான் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை வைரஸின் எச் புரதத்தில் 16, என் புரதத்தில் 9 வகை. மொத்தம் 144 சேர்க்கைகளுக்கும் வைரஸ் திரட்டினார்கள். இயற்கையில் கிடைக்காதவற்றை ஆய்வகத்தில் கலந்து உருவாக்கினார்கள். எது மனிதரிடம் தாவினாலும் தடுப்பூசிக்கான விதை வைரஸ் கைவசம் இருக்கும் என்பது கணக்கு. அது முழுக்கப் பலிக்காது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய விதை பொருந்தாமல் போகலாம். அதனால்தான் ஒருமுறை சேர்த்துப் பூட்டிவைத்தால் போதாது. 2009இல் உலகைச் சுற்றிய எச்1என்1இன் மூதாதைகள் பன்றிகளிடம் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்தன என்பது, தொற்று பரவிய பிறகு நடந்த மரபணு ஆய்வில்தான் தெரிந்தது. நம்மாலும் முடியாததல்ல: 2006இல் இந்தியக் கோழியிலிருந்து புணே தேசிய வைராலஜி நிறுவனம் பிரித்த எச்5என்1, உலக சுகாதார நிறுவனத்தின் விதை வைரஸ் பட்டியலில் இடம்பெற்றது.

சேமித்ததே வெளியேறிவிட்டால்? வீண் பயமல்ல. 1977இல் பரவிய எச்1என்1, 1950களின் வைரஸை மிக நெருக்கமாக ஒத்திருந்தது. ஆய்வகமோ தடுப்பூசிச் சோதனையோ காரணம் என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. எனவே உயிருள்ள வைரஸ் போபால், புணே உயர்பாதுகாப்பு ஆய்வகங்களைத் தாண்டக் கூடாது. பெங்களூரின் ஹெப்பாளிலும் யலஹங்காவிலும் உள்ள கால்நடை ஆய்வு நிறுவனங்கள், வைரஸைக் கொல்லும் கரைசலில் இட்ட மாதிரியில் மரபணு வரிசையைப் படிக்கட்டும். புதிதாக ஏதாவது தென்பட்டால் மட்டும், முத்திரையிட்ட இணை மாதிரி போபாலில் திறக்கப்படட்டும்.

சோதனை என்ற செய்தி வந்தாலே கோழி விலை சரியும் என்று வியாபாரிகள் கோபப்படுவது நியாயம். கடையின் பெயரைச் சொல்லாமல் வட்டார அளவில் முடிவை வெளியிடலாம். நன்கு வெந்த கறியில் வைரஸ் பிழைக்காது என்பதை அதே அறிக்கையில் அச்சிடலாம். பறவைகளை அழிக்க நேர்ந்தால் பண்ணையாளருக்கு மட்டுமன்றிக் கடைக்காரருக்கும் இழப்பீடு உடனே கிடைக்க வேண்டும். சோதனைக்கும் இழப்பீட்டுக்குமான நிதியை மாநிலக் கால்நடைத் துறை அடுத்த வலசைக் காலத்துக்கு முன்பே ஒதுக்கட்டும்.