கண் திறந்த பிறகு

சுவாமிமலைக்கு வரும் வெளியூர் நண்பர்களைக் கோவில் படிகளை எண்ணிக்கொண்டே ஏறும்படி சொல்வது நமது வழக்கம். பிரபவ முதல் அட்சய வரையில் வருஷத்துக்கு ஒன்றாக அறுபது படிகள். எண்ணி முடிப்பதற்குள் பலருக்கு மூச்சு வாங்கிவிடும். மேலே எழுந்தருளியிருக்கும் மூர்த்தியோ, பெற்ற தகப்பனைக் கைகட்டி வாய் புதைத்து நிற்கச் செய்து பாடம் சொன்ன பாலகன். அளவில் சிறியது என்பதற்காக ஒன்றை அலட்சியம் செய்யும் உரிமை வேறு ஊர்க்காரர்களுக்கு இருந்தாலும் இருக்கலாம்; எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிடையாது.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் பன்னிரண்டே நிமிஷம் ஓடும் ஒரு குறும்படம். அதை எடுத்தவன் நம்மிடம் படித்துவிட்டு இப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பையன். கருவி, அவன் சட்டைப் பையிலிருந்த கைப்பேசி. கதாநாயகர், நம் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சிற்பக்கூடத்தில் ஐம்பது வருஷமாக மண் பூசும் வேலை செய்துவரும் ஒரு பெரியவர். தூரதேசத்து நகரம் ஒன்றில் நடந்த திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்கு, உள்நாட்டுக் குறும்படங்களுக்கென ஆண்டுதோறும் வழங்கும் பரிசு கிடைத்தது. பையன் ஒரு கேடயத்துடன் ஊர் திரும்பினான். நமக்கு உண்டான பெருமையை மறைத்துப் பிரயோஜனமில்லை. வகுப்பறையில் அவன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைக்கூட மறந்து, "அவன் அப்போதே அப்படித்தான்!" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டோம்.

பெரியவர் மட்டும் கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வார்ப்பு வேலை தெரிந்தவர் அல்லவா? அது பித்தளை அல்ல, பூச்சு என்று உடனே கண்டுகொண்டார். பிறகு, "ரொம்ப சந்தோஷம், தம்பி. படம் எங்கே?" என்று கேட்டார்.

பையனிடம் பதில் இல்லை. முடிவு தெரியும் வரையில் படத்தை வேறெங்கும் காட்டக் கூடாது என்பது விழாவின் நிபந்தனை. முடிவு தெரிந்த அன்று காலை பதினோரு மணிக்கு அதை ஒரே ஒரு தடவை காட்டினார்கள். கொட்டகையில் நாற்காலிகள் நிறைய இருந்தன, ஆட்கள்தாம் குறைவு. அத்துடன் படத்தின் ஆயுள் முடிந்தது. பரிசு பெற்றவன் வீடு வந்து சேர்ந்துவிட்டான். பரிசு பெற்ற படம் வந்து சேரவில்லை.

குறும்படத்துக்குப் பரிசு கொடுக்கும் விழாக்கள் நம் நாட்டில் இன்று குறைவில்லை. பம்பாயில் 1990-இல் தொடங்கிய சர்வதேச விழாவில் தங்கச் சங்கு கொடுக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் கேரள மாநில சலச்சித்ர அகாடமி 2008-இல் தொடங்கிய விழாவில், கல்லூரி மாணவர்கள் எடுக்கும் படங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பெங்களூரில் 2010-இல் தொடங்கிய குறும்பட விழாவில் இந்தியப் படங்களுக்குத் தனிப் போட்டி வைத்து, அதில் முதற்பரிசு பெறும் படத்துக்கு ஆஸ்கார் போட்டிக்குள் நுழையும் தகுதியையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது நிமிஷத்துக்கு மேற்படாத படம்தான் குறும்படம் என்பது அந்த அமெரிக்கர்களின் கணக்கு. உதகையைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் முதுமலைக் காட்டில் யானைக் குட்டிகளையும் அவற்றை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரையும் வைத்து எடுத்த படம், 2023-இல் அங்கே போய் ஆவணக் குறும்படத்துக்கான பரிசை வென்றது. அந்தத் தம்பதியர் படத்தில் பேசியது நம் தமிழ்.

இன்னும் பின்னே போனாலும் பெருமைக்குக் குறைவில்லை. சுதந்தர இந்தியாவின் சர்க்கார் 1954-இல் முதன்முதலாகத் திரைப்பட விருதுகளை வழங்கியபோது, ஆவணப் படத்துக்கான தங்கப் பதக்கத்தைப் பெற்றது ஜகத் முராரி இயக்கிய 'மகாபலிபுரம்'. நம் கடற்கரைக் கல்லுக்குத்தான் முதல் பதக்கம்! ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று நம் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டோம். ஒரு கைகூட எழவில்லை. கேட்ட நம் கையும் எழவில்லை.

குறும்படங்களை ஜனங்களுக்குக் காட்ட ஓர் ஏற்பாடு ஒரு காலத்தில் இருந்தது வாஸ்தவம். 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் ஏற்பட்ட பிறகு, கொட்டகைகளில் முதற்படத்துக்கு முன்னால் செய்திப் படமும் விளக்கப் படமும் கட்டாயம் காட்டவேண்டும் என்ற விதி பல்லாண்டுகள் அமுலில் இருந்தது. அந்த நேரத்தில் நம் பக்கத்து ரசிகர்கள் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். கட்டாயப்படுத்திக் காட்டினால் கண் திரையில் நிற்காது. பொறுக்கி எடுத்த நல்ல படத்தை, பார்க்க ஆவலாக இருப்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும். பொறுக்கும் வேலையை விழாக்கள் நன்றாகவே செய்கின்றன. கொண்டுபோகும் வேலைதான் நின்றுவிட்டது.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. குறும்படம் எடுப்பதே பெரிய படம் எடுப்பதற்கான நுழைவுச் சீட்டு என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. தமிழ்த் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' என்ற போட்டி நடந்தது. அதில் குறும்படங்கள் எடுத்துக் காட்டிய கார்த்திக் சுப்பராஜ் 2012-இல் 'பீட்சா'வையும், நலன் குமரசாமி 2013-இல் 'சூது கவ்வும்' படத்தையும் கொடுத்தார்கள். திறமைசாலிகள் முன்னுக்கு வந்ததில் நமக்குப் பரம சந்தோஷம். ஆனால் போட்டியின் பெயரைக் கவனியுங்கள்: 'நாளைய' இயக்குநர். இன்று எடுத்த படத்தின் கதி என்ன? ஏறியவர் ஏறிவிட்டார், ஏணி கொல்லையில் கிடக்கிறது.

எங்கள் ஊர்ச் சிற்பக்கூடத்தில் இந்தக் கணக்குச் செல்லாது. பூஜை அறைக்காக வார்க்கும் நாலங்குல விக்கிரகத்துக்கும், கோவிலுக்காக வார்க்கும் நாலடி விக்கிரகத்துக்கும் முறை ஒன்றே. தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருப்பிடித்து, அதன்மேல் காவிரியின் நயமான வண்டலைப் பூசி, கம்பி கட்டி, வரட்டித் தீயில் வாட்டி, மெழுகு வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு மண்ணை உடைத்து, உளி பிடித்து, கடைசியில் கண் திறக்கிறார்கள். சின்ன விக்கிரகத்தைப் பெரிய விக்கிரகத்துக்கு ஒத்திகை என்று யாரும் சொல்வதில்லை. கண் திறந்த பிறகு அது பட்டறையில் தங்குவதும் இல்லை. தனக்குரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது மூர்த்தி. அதுவரையில் எடை போட்டு விலை சொல்லும் உலோகம். பரிசு என்பது படத்துக்குக் கண் திறக்கிற சடங்கு. நம் விழாக்கள் கண்ணைத் திறந்துவிட்டு விக்கிரகத்தைப் பரண்மேல் போட்டுவிடுகின்றன.

ஆகவே ஒரு சனிக்கிழமை மாலை நம் பள்ளிக்கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, இரவல் கருவி ஒன்றைக் கொண்டுவந்து படத்தைப் போட்டோம். பட்டறைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகள், பூக்காரம்மாள் எல்லோருமாக இருநூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பெரியவர் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திரையில் தம் கைகளைப் பார்த்துவிட்டுத் தம் மடியிலிருந்த கைகளையும் ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார். ஆறாவது நிமிஷத்தில், "நிறுத்து, தம்பி!" என்றார்.

படம் நின்றது.

"மண் பூசின உருவை வெயிலில் வைத்த மாதிரி காட்டுகிறாயே! முதல் பூச்சு நிழலில் அல்லவா காயவேண்டும்? வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகிவிடும். இதைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை இப்படியே செய்தால் சிலை கெட்டுப் போகுமே!"

பையன் வெலவெலத்துப் போனான். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்பதற்காக உருவை முற்றத்துக்கு எடுத்து வைத்துப் படம் பிடித்தவன் அவன்தான். "அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, தாத்தா?" என்று கேட்டான்.

"படத்துக்காக வைக்கிறாய் என்று நினைத்தேன். இதையே வேலை என்று காட்டப் போகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

விழாவின் நடுவர்கள் அந்த வெயிலைத்தான் மெச்சிக் குறிப்பு எழுதியிருந்தார்கள். அவர்கள்மீது குறை சொல்ல மாட்டோம். ஒளியின் அழகு அவர்களுக்குத் தெரியும், மெழுகின் குணம் தெரியாது. அது தெரிந்தவர் சுவாமிமலையில் இருந்தார். அவரிடம் படம் வந்து சேரவே இல்லை. ஐம்பது வருஷத்துக்கு அப்பால், மண் பூசும் கைகள் ஊரில் அருகிப் போன காலத்தில், அந்தப் படம் ஒன்றே சாட்சியாக நின்றால் என்ன ஆகும்? பிழையல்லவா பாடமாகியிருக்கும்! பையன் மறு வாரமே அந்தப் பகுதியை நிழலில் திரும்ப எடுத்துச் சேர்த்துவிட்டான். இப்போது படம் முன்னைவிடச் சற்று இருட்டாக இருக்கிறது. ஆனால் உண்மையாக இருக்கிறது.

படங்கள் காணாமற் போவதும் கற்பனையான பயம் அன்று. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் உலகெல்லாம் அலைந்து துண்டு துண்டாகத் திரட்டி, காந்தி மகானைப் பற்றிய முழுநீள ஆவணப் படத்தை 1940-இல் வெளியிட்டார். அத்தகைய படமே பிற்காலத்தில் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியதாயிற்று. பன்னிரண்டு நிமிஷப் படங்களுக்கு யார் காவல்?

விழா நடத்தும் பெரியோர்களுக்கு நம் விண்ணப்பம் சுருக்கமானது. பரிசுத் தொகையில் பாதியை எடுத்தவருக்குக் கொடுங்கள். மற்றப் பாதியைப் படத்துக்குக் கொடுங்கள். அதைக்கொண்டு ஒரு வருஷத்துக்குள் பத்து ஊர்களில் அந்தப் படத்தைக் காட்டுங்கள்; முதல் ஊர், படம் பிடித்த ஊராக இருக்கட்டும். ஒரு பிரதியை, பூனாவில் 1964 முதல் இருந்துவரும் தேசியத் திரைப்படக் காப்பகம் போன்ற இடத்தில் சேர்த்துவிடுங்கள். செலவு அதிகம் ஆகாது. எங்களுக்கு ஒரு வாளிச் சுண்ணாம்புதான் ஆயிற்று.

கேடயம் இப்போது பெரியவர் வீட்டு மாடத்தில் இருக்கிறது. பையன் கொண்டுபோய்க் கொடுத்தானாம். "பூச்சுத்தான், இருந்தாலும் இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டாராம்.