பட்டாளத்துலேர்ந்து உசுரோட வர்றவனை யார் வரவேற்கிறது?

நம்மகிட்ட அரிசி வாங்குற பெசன்ட் நகர் நண்பர்கள் சிலர், 'அமரன்' படம் வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. "உங்க வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்க ஆச்சே, அதைப் பத்தி ஏதாவது எழுதுங்களேன்". சினிமா விமர்சனம் எனக்கு வராது. ஆனா கேட்டது பெசன்ட் நகர்க்காரங்கங்கிறதால ஒண்ணு சொல்லத் தோணுது.

மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25-ம் தேதி காஷ்மீரின் சோபியான் மாவட்டத்துல நடந்த சண்டையில உயிர் விட்டார். அவருக்கு ராணுவ மரியாதையோட இறுதிச் சடங்கு நடந்தது உங்க பெசன்ட் நகர் மயானத்துலதான். மறுவருஷம் குடியரசு தினத்துல அசோக சக்ரா விருதை அவர் மனைவி வாங்கிக்கிட்டாங்க. அந்த மரியாதையில ஒரு குறையும் கிடையாது. செய்ய வேண்டியதுதான், செஞ்சாங்க.

என் கேள்வி வேற. பெட்டியில வர்றவருக்கு ஊரே திரண்டு வருது. சொந்தக் கால்ல நடந்து வர்றவனுக்கு யார் வர்றாங்க?

எங்க மாவட்டத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு. தலைமுறை தலைமுறையா ராணுவத்துக்கு ஆள் அனுப்புனதால 'மிலிட்டரிப்பேட்டை'ன்னே பேர். எங்க ஊர் அந்த அளவுக்கு இல்லைன்னாலும், தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்துல இருப்பாங்க. மூணு நாள் ரயில்ல உக்காந்து, விடிகாலையில காட்பாடியில இறங்கி, டிரங்குப் பெட்டியைத் தோள்ல தூக்கிக்கிட்டு வருவான். தம்பிக்காரன் பைக்கோட நிப்பான். அவ்வளவுதான் வரவேற்பு. ஊருக்குள்ள வந்தா ஆம்பளைங்க கேக்குற முதல் கேள்வி, "கேன்டீன் சரக்கு கொண்டாந்தியாடா?" கிராமம்னா எல்லாம் உசத்தின்னு நான் சொல்ல வரல.

ஆனா வீட்டுப் பொம்பளைங்க செய்யறது ஒண்ணு இருக்கு. வாசல்லயே நிக்க வெச்சு ஆரத்தி சுத்தி, சொம்புல தண்ணி குடுப்பாங்க. அங்க என்ன ஆச்சு, யாரைச் சுட்டே, ஜெயிச்சியா தோத்தியா, ஒண்ணும் கேக்க மாட்டாங்க. முதல்ல தண்ணி, அப்புறம் சோறு, அப்புறம் தூக்கம். பேசணும்னா அவனே பேசுவான்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய 1990-க்குப் போகணும். 1987 ஜூலையில ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் போட்ட ஒப்பந்தத்தால ஈழத்துக்குப் போன இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு, 1990 மார்ச் 24-ம் தேதி திருகோணமலையை விட்டுக் கிளம்புச்சு. சென்னைத் துறைமுகத்துல படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகல. ஈழத் தமிழர்கள் அந்தப் படையால பட்ட பாட்டைக் காரணமாச் சொன்னார். அந்தப் பாடு பொய் இல்ல. 1987 தீபாவளி அன்னிக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள டாக்டர், நர்ஸ், நோயாளின்னு பாக்காம சுட்டுக் கொன்னாங்க. இந்தப் பக்கம் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்த மண்ணுல செத்துப்போனாங்க.

அப்படித் திரும்பி வந்தவங்கள்ல எங்க பெரியப்பாவும் ஒருத்தர். தமிழ் பேசுற சனங்க வீட்டு வாசல்ல துப்பாக்கியோட நின்னுட்டு வந்த தமிழர். திண்ணையில அவர் காதுபடவே அமைதிப்படையைத் திட்டுனாங்க. அவர் வாயே திறக்கல. எங்க ஆயா மட்டும் எப்பவும் போல சொம்புத் தண்ணியோட வாசலுக்கு வந்தாங்க. மறுநாள் அவர் மம்பட்டியை எடுத்துக்கிட்டு வரப்பு வெட்டப் போயிட்டார். இன்னிக்கு வரைக்கும் அந்தக் கதையை முழுசா யார்கிட்டயும் சொன்னதில்ல.

நான் சொல்ல வர்றது இதுதான். வரவேற்கிறது வேற, பாராட்டுறது வேற. ஒரு படையை அனுப்புனது சரியா தப்பான்னு அரசாங்கத்தைக் கேளுங்க. தப்பு நடந்திருந்தா செஞ்சவனை விசாரிக்கச் சொல்லுங்க. விசாரிக்கணும். ஆனா உத்தரவு வந்து போய், உத்தரவு வந்து திரும்புற சிப்பாய்க்கு வீடு திறந்திருக்கணும். அதை மறுக்கிறதால ஈழத்துல செத்த ஒருத்தருக்கும் நியாயம் கிடைச்சிடல. அதே மாதிரி, அவனை மாலை போட்டு சாமியாக்குறதும் வேண்டாம். சாமியாக்கிட்டா அப்புறம் அவன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

இப்ப வர்றவங்களுக்கு என்னதான் வேணும்? எங்க சித்தப்பா பையன் போன தடவை வருஷ லீவுல வந்தான். அறுபது நாள். அப்பா பேர்ல இருந்த நிலத்துக்குப் பட்டா மாத்த ஒரு அலுவலகத்துக்குப் பதினோரு நாள் அலைஞ்சான். ரெண்டு வயசுப் பொண்ணு அவனைப் பாத்தாலே அழுதுக்கிட்டு அம்மா முந்தானைக்குள்ள ஓடுச்சு. அது அப்பான்னு கூப்பிட்டு மடியில வந்து உக்காரவே மூணு வாரம் ஆச்சு. அப்புறம் எத்தனை நாள் மிச்சம்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. அந்தப் பதினோரு நாளை யார் அவனுக்குத் திருப்பித் தருவா?

முன்னாள் படைவீரர் நலனுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் அலுவலகம் இருக்கு, நல்லது. பணியில இருக்கிறவன் லீவுல வந்து நின்னா, அவன் மனுவை முதல்ல எடுத்துப் பாருங்க. மேடை, மைக், பொன்னாடையை விட அது பெரிய வரவேற்பு. இதைப் படிக்கிறவங்கள்ல அரசு வேலையில, பேங்க்குல இருக்கிறவங்க இருப்பீங்க. உங்க கையிலதான் இருக்கு.

மத்தவங்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்க அபார்ட்மென்ட் கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி அண்ணன் முன்னாள் ராணுவக்காரரா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. சல்யூட் எல்லாம் வேண்டாம். எந்த ஊரு, எப்ப ஊருக்குப் போனீங்கன்னு கேளுங்க. வெயில்ல நிக்கிறவருக்கு ஒரு சொம்பு தண்ணியும் குடுங்க.