திறமை என்னும் வாதம்: போக்கர் ஆட்டமும் நலிந்த எதிராளியும்

சூதாட்டத்தைக் கண்டிப்பது எளிது. அதனை அறிவின் பெயரால் போற்றுவோருக்கு மறுமொழி கூறுவதே கடினம். போக்கர் எனப்படும் சீட்டாட்டம் அண்மைக் காலத்தில் இத்தகைய போற்றுதலுக்குப் பெரிதும் ஆளாகியிருக்கிறது. அது நிகழ்தகவைக் கற்பிக்கிறது, பொறுமையைப் பழக்குகிறது, நிச்சயமின்மையின் நடுவே முடிவெடுக்கும் ஆற்றலை வளர்க்கிறது என்றெல்லாம் கூறும் நூல்கள் பெருகியுள்ளன. பல்கலைக்கழக மாணவரிடையேயும் இக்கூற்றை ஆராயாது ஏற்போர் உளர். வெற்றியைத் தீர்மானிப்பது திறமையே என்பது அவர்தம் மூலமந்திரம். இதனை நான் மறுக்கப்போவதில்லை. முழுமையாக ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். ஒப்புக்கொண்டால்தான் அவ்வாதம் எவ்விடத்திற் கொண்டுபோய் விடுகிறது என்பது புலனாகும்.

போக்கரில் திறமை உண்டு. ஜோன் வொன் நொய்மனும் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னும் 1944 இல் வெளியிட்ட ஆட்டக்கோட்பாட்டு நூலில், நலிந்த சீட்டை வைத்துக்கொண்டு வலியவன்போல் நடிப்பதும் கணிதத்தின்படி அவசியமான ஒரு செயலே என நிறுவினர். 2017 இல் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய லிபராட்டஸ் என்னும் கணினி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரோடு 120,000 கைகள் ஆடி வென்றது. எதிராளியின் பிழையைத் தேடிப் பயன்பெறுவதைக் காட்டிலும், தன்னைப் பிறர் வெல்ல இடங்கொடாத சமநிலையை நாடுவதே அதன் அடிப்படையாக இருந்தது. அறிவியல் என்று போற்றத்தக்கது எதுவேனும் இவ்வாட்டத்தில் உண்டெனின், அஃது இதுவே.

ஆயின், ஆட்டத்தால் வாழ்வோர் தம் சீடருக்குக் கற்பிப்பது இதையன்று. டேவிட் ஸ்க்லான்ஸ்கி தமது நூலில் வகுத்த அடிப்படைத் தேற்றத்தின் சாரம், எதிராளி பிழை செய்யும்போதெல்லாம் நீ ஆதாயம் பெறுகிறாய் என்பதாகும். ஆகவே, ஆதாயம் வேண்டுவோன் முதலில் தேட வேண்டியது பிழை செய்வோனை. எந்த மேசையில் அமர்வது என்று தெரிவதே தலையாய திறமை எனத் தேர்ந்தோர் வெளிப்படையாகவே கூறுவர். நலிந்தவன் சீட்டைக் கைவிட மனமின்றி எதற்கும் பணம் வைத்துத் தொடர்வான். ஆதலால் அவனிடம் நடிக்காதே. நல்ல சீட்டு வரும்வரை காத்திரு. வந்ததும் பெருந்தொகை வை. நலிந்தோரை வெல்லும் முறையின் பெரும்பகுதி இவ்வளவே. இதிலே மேதைமை எங்கே இருக்கிறது?

அவன் இழப்பது எவ்வாறென்பதைக் கணக்கிட்டே காட்டலாம். டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் வகையில், ஒரே இனத்துச் சீட்டு நான்கினை உடையவன் ஐந்தாவதற்காகக் காத்திருக்கிறான். எஞ்சியிருப்பது இறுதிச் சீட்டு ஒன்றே. அவன் காணாத சீட்டுகள் 46. அவற்றுள் அவனுக்கு வேண்டியவை 9. நடுவில் 100 ரூபா இருக்க, எதிராளி மேலும் 100 ரூபா வைக்கிறான். தொடர்வதாயின் இவனும் 100 வைத்தல் வேண்டும். வென்றால் 200 வரவு. தோற்றால் 100 செலவு. அதன்பின் எவரும் பணம் வைப்பதில்லை எனக் கொண்டால், 9 முறை வென்று 37 முறை தோற்கும் இவன், தொடரும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக ஏறத்தாழ 41 ரூபாவை இழக்கிறான்.

ஆனால் அவன் கண்ணுக்கு இவ்விழப்புத் தெரிவதில்லை. ஐந்து முறைக்கு ஒரு முறை அவன் வெல்கிறான். அதுவே நினைவில் நிற்கிறது. சதுரங்கத்தில் வல்லவரிடம் பத்து முறை தோற்றவன் பதினோராவது முறை பந்தயம் கட்டான். தோல்வியின் காரணம் பலகையிலேயே கிடக்கிறது. போக்கரில் தற்செயல் என்னும் திரை அக்காரணத்தை மறைத்துவிடுகிறது. திறமையை நம்பி வாழ்பவனுக்குத் தற்செயலே உற்ற துணை. ஆங்கிலத்தில் ஆடுவோர் நலிந்தவனை மீன் என்று அழைப்பர். சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே சூதிற் பெறும் வெற்றியைத் தூண்டிலுக்கும், பெறுபவனை மீனுக்கும் ஒப்பிட்ட வள்ளுவரை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள்!

மனப்பாங்கு பற்றிய போதனைகளை இவ்விடத்து நோக்குதல் தகும். சினம் கொள்ளாதே, ஒரு கையின் முடிவைக் கொண்டு உன் முடிவை எடைபோடாதே என்பன நற்பண்புகளே. ஆனால் அவற்றோடு இணைந்து வேறொன்றும் வருகிறது. நலிந்தவன் பிழையாக ஆடி வென்றால் அவனைக் கண்டிக்காதே, பாராட்டு, அவன் பிழையை அவனுக்கு உணர்த்திவிடாதே, மகிழ்ச்சியோடு அமர்ந்திருக்கச் செய். மீன்தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதே என்று இதற்கொரு வாசகமே உண்டு. நம்மவர் ஆடும் 304 இல் பிழையாக ஒரு சீட்டை இறக்கியவனைக் கூட்டாளி விடும் ஏச்சு அயலறைவரை கேட்கும். அந்த ஏச்சிலே கல்வி இருக்கிறது. மறுநாள் அவன் சற்றே நன்றாக ஆடுவான். ஒருவன் அறியாமையில் நிலைத்திருக்க வேண்டுமென்று புன்னகையோடு விரும்புவதை எந்த அறிவுப் பயிற்சியில் அடக்குவது?

இது தனிமனிதரின் கயமை மட்டுமன்று. சூதாட்டகம் ஆட்டத்துக்கு நிலைக்களம் அமைப்பதன் பொருட்டு ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எனவே சமவலியுடையோர் நெடுநாள் ஆடினால் இருவருமே இழப்பர். புதியோர் இடையறாது வந்துசேர்ந்தாலன்றித் தேர்ந்தோர் பிழைக்க வழியில்லை. 2003 இல் டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர் (பெயர் அவ்வாறு வாய்த்தது ஒரு விந்தை) இணையவழித் தகுதிப்போட்டியினூடாக வந்து லாஸ் வேகாசில் உலகப் பட்டத்தையும் 25 இலட்சம் டொலரையும் வென்றார். அவ்வாண்டு முதன்மைப் போட்டியில் ஆடியோர் 839 பேர். 2006 இல் 8,773 பேர். எவரும் வெல்லலாம் என்ற செய்தி இவர்களை அழைத்தது. திறமையுடையோரே வெல்வர் என்ற செய்தி வேறோர் இடத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

அவ்விடம் நீதிமன்றம். தமிழ்நாட்டரசு இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராக இயற்றிய சட்டத்தை 2023 நவம்பரில் ஆராய்ந்த சென்னை உயர்நீதிமன்றம், றம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்ற நிறுவனங்களின் வாதத்தை ஏற்று, அவற்றுக்கு விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமை, தற்செயல் என்ற பாகுபாட்டையே புறந்தள்ளி, இணையவழிப் பண ஆட்டங்களைத் தடைசெய்தது. தடைச்சட்டங்களால் பயன் விளையுமா என்பது தனி விவாதம். இங்கு கருதத்தக்கது அந்த வாதத்தின் இயல்பே. ஆட்டம் தற்செயலாயின், தோற்றவன் விதியை நோவான். வென்றவனும் அவனும் ஒரே நிலையினர். ஆட்டம் திறமையாயின், திறமையற்றவனின் இழப்பு அவன் அமர்வதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டது. அதனை அறிந்தே அவன் அழைக்கப்பட்டான். தம்மைக் காக்கவென நிறுவனங்கள் கூறிய வாதம், தம்மீதே சாற்றிய குற்றப்பத்திரமாக முடிகிறது.

தேர்ந்தோர் சிலரும் நலிந்தவன் ஒருவனும் ஆடும் மேசையில், அவன் பணம் தீர்ந்து எழுந்துபோனதும் நிகழ்வதை அவ்வுலகினர் நன்கறிவர். எஞ்சியோர் தமக்குள் ஆடுவதில்லை. ஒருவர்பின் ஒருவராகச் சில்லுகளைச் சேர்த்துக்கொண்டு எழுந்துவிடுகின்றனர்.