ரகசிய நாட்குறிப்பும் கரையானும்

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ரகசிய நாட்குறிப்புக் கதைகள். ஒரு பழைய கடலோடி யாரும் போகாத தீவுக்குப் போவான். கண்டதையெல்லாம் சங்கேத எழுத்தில் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போவான். இருநூறு வருஷம் கழித்து அந்த நோட்டுக்காக இரண்டு ரகசியச் சங்கங்கள் வெட்டிக்கொள்ளும். நாவலாக வந்தது, சினிமாவாக வந்தது, இப்போது கைபேசியில் பத்து நிமிட வீடியோவாகவும் வருகிறது. பேரப்பிள்ளைகள் வந்து, "தாத்தா, உண்மையையெல்லாம் மறைச்சு வச்சிருக்காங்களாமே?" என்று கேட்கிறார்கள்.

கற்பனையைக் கற்பனை என்று சொல்லிவிட்டால் எனக்கு வழக்கே இல்லை. பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறை ழூல் வெர்ன் படித்து வளர்ந்தது. 1864-இல் அவர் எழுதிய பூமியின் மையத்துக்கான பயணக் கதையில், சாக்னுசெம் என்ற ஐஸ்லாந்துக்காரன் எழுதி வைத்த சங்கேதச் சீட்டு ஒரு பழைய புத்தகத்திலிருந்து விழும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பேராசிரியர் எரிமலை வாய்க்குள் இறங்குவார். படித்து முடித்து நாங்கள் யாரும் எரிமலையைத் தேடிப் போகவில்லை.

கற்பனையை ஆவணம் என்று விற்பதுதான் குற்றம். பியேர் பிளாந்தார் என்பவர் 1956-இல் பிரான்சில் 'பிரியோரே த சியோன்' என்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார். அது சிலுவைப்போர் காலத்துச் சங்கம், தாவின்சி, நியூட்டன், விக்தோர் யுகோ எல்லாரும் அதன் தலைவர்கள் என்று அவரும் கூட்டாளிகளும் தாள்களைத் தயாரித்து, 1960-களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்த்துவிட்டார்கள். நூலகத்தில் இருக்கிறதே, பொய்யாகுமா என்று உலகம் நம்பியது. 2003-இல் வந்த 'தாவின்சி கோட்' நாவல் வரைக்கும் அந்தச் சரக்கு ஓடியது. ஆயுள் முழுக்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்: ஒரு தாள் அலமாரியில் இருப்பதாலேயே உண்மையாகிவிடாது. யார் எழுதியது, எப்போது வந்தது, யார் யார் கை மாறியது என்று தபால் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

நிஜமான கடலோடியின் நாட்குறிப்புக்கு என்ன ஆயிற்று? லா பெரூஸ் 1785 ஆகஸ்டில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து இரண்டு கப்பல்களோடு புறப்பட்டார். 1788 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி வளைகுடாவை விட்டுப் போனவர் திரும்பவேயில்லை. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நடந்ததைக் கேளுங்கள். கம்சத்காவில் தன் குறிப்புகளை பார்த்தெலெமி த லெசெப்ஸ் என்ற 21 வயது மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். சூயஸ் கால்வாய் வெட்டிய லெசெப்ஸுக்கு இவர் பெரியப்பா. அந்தப் பிள்ளை சைபீரியப் பனியெல்லாம் கடந்து, ஒரு வருஷம் கழித்து வெர்சாய் அரண்மனையில் அதைச் சேர்ப்பித்தார். கடைசிப் பகுதி பாட்டனி வளைகுடாவிலிருந்து ஆங்கிலேயர் மூலமாகவே வந்து சேர்ந்தது. எல்லாம் அரசாங்கச் செலவில் 1797-இல் அச்சானது. அரசர் கொடுத்த உத்தரவுகூட முதல் தொகுதியிலேயே இருக்கிறது. எந்தச் சங்கமும் ஒளிக்கவில்லை. படிக்கத்தான் ஆள் குறைவு.

நாட்குறிப்பு என்றால் நம் புதுச்சேரிக்கே ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறார். துய்ப்ளெக்ஸின் துபாஷி. 1736 முதல் 1761 வரை, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது உட்படத் தமிழில் எழுதி வைத்தார். 1846-இல் கலுவா மோம்ப்ரேன் கண்டெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் போட்டது. தமிழிலும் அச்சில் வந்திருக்கிறது. அவர் பெயர் வைத்த தெருவில் தினமும் காய்கறி வாங்குகிறோம். எத்தனை பேர் ஒரு பக்கம் படித்தோம்?

அரசாங்கம் எதையுமே மறைத்ததில்லையா என்று கேட்பீர்கள். மறைத்திருக்கிறது. ஆனால் 'ரகசியம்' என்று முத்திரை குத்திய கோப்பு இரும்பு அலமாரியில் பூட்டிப் பத்திரமாக இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், முத்திரை இல்லாத மற்றதெல்லாம் தரையில் கிடந்தன. மேலே மழை ஒழுகல், கீழே கரையான். பிறகு மூட்டை கட்டி எடைக்குப் போட்டார்கள். நிலம், பிறப்பு, வாரிசு என்று ஏழை எளியவர் வழக்குக்கு உதவும் காகிதங்கள் அவை. அவற்றைத் தேடி ஒரு சங்கமும் வரவில்லை.

யாரோ மறைக்கிறார்கள் என்று நம்புகிறவன் நூலகப் படி ஏற மாட்டான். மறைத்ததை எப்படிப் படிப்பது என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வான். இந்தக் கதைகள்மேல் எனக்கு உள்ள கோபம் இதுதான். கரையானுக்கு இதைவிட நல்ல கூட்டாளி கிடையாது.

நம் பரணிலும் டிரங்குப் பெட்டி இருக்கிறது. சைகோனிலிருந்து தாத்தா போட்ட கடிதம், பிரெஞ்சு எழுதிய வீட்டுப் பத்திரம், அப்பாவின் கணக்கு நோட்டு. பழைய பேப்பர்காரர் வருவதற்கு முன் அதை இறக்குங்கள். யார் எழுதியது, எந்த வருஷம் என்று ஒரு துண்டுத்தாளில் குறித்து உள்ளே வையுங்கள். பேரப்பிள்ளையை உட்காரவைத்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். பிரெஞ்சு புரியாதவர்கள் எடுத்து வாருங்கள், படித்துச் சொல்கிறேன். காப்பி மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் போதும்.