பக்கவாதத்துக்கு முன்பே தளரும் நினைவு

பக்கவாதம் ஒரு நொடியில் தாக்கினாலும், அதற்கான கேடு பலருக்கு மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவை குழாய்ச் சுவர்களைத் தடிக்கச் செய்து இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. நினைவும் சிந்தனை வேகமும் மெல்லத் தளர்கின்றன.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 1990 முதல் 2016 வரை 14,712 பேரைக் கவனித்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. பக்கவாதம் கண்டவர்களின் நினைவாற்றல், அதற்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்திருந்தது. பெண்களிடமும் குறைவாகப் படித்தவர்களிடமும் சரிவு கூடுதல்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் சீவி ஓய்ந்த மூத்தவர்கள் பலரின் படிப்பும் தோட்டப் பள்ளியோடு நின்றதே. கடையில் சில்லறை எண்ணத் தடுமாறுவது, காலை மாத்திரையை இரண்டு முறை விழுங்குவது, கிளினிக் தேதியை மறப்பது ஆகியவை லயத்து வீடுகளில் ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகின்றன.

மறதியெல்லாம் பக்கவாதத்தின் அறிகுறி அல்ல. ஆனால் புதிதாகத் தோன்றும் தடுமாற்றம், அரசு கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போதுமான காரணம். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 999ஐ அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. தொலைவிலுள்ள தோட்டங்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

– வாசகர், பகாவ், நெகிரி செம்பிலான்