ஸ்க்ரூ டிரைவர் முட்டு கொடுப்பதை நிறுத்துங்க

செவிலிமேட்டில் எங்க தெருவில் இன்னும் நாலஞ்சு பழைய சான்ட்ரோ ஓடுது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வர ஆரம்பிச்ச வண்டி, நம்ம பக்கத்து வண்டின்னே சொல்லலாம். அதில் டைமிங் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். போன லீவில் சித்தப்பா வண்டிக்கு வீட்டு வாசல்லயே பெல்ட் மாத்தினோம். கேம் ஆயில் சீலும் கசிஞ்சதால் கேம் ஸ்ப்ராக்கெட்டையும் கழட்ட வேண்டியதாச்சு. வம்பே அங்கதான்.

போல்ட்டைத் திருகினா ஸ்ப்ராக்கெட்டும் கூடவே சுத்தும். உடனே எல்லாரும் செய்யறது ஒண்ணுதான்: ஸ்ப்ராக்கெட் ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, பின்னாடி ஹெட்டில் முட்டு கொடுக்கறது. "ஒண்ணும் ஆகாதுப்பா"ம்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. டார்க் 100 நியூட்டன் மீட்டர், ஓட்டை மையத்திலிருந்து 2.5 செ.மீ. தள்ளி இருக்குன்னு வெச்சுக்குவோம். அந்தக் கம்பி மேல் விழறது 4000 நியூட்டன், சுமார் 400 கிலோ பாரம்! 5 மி.மீ. கம்பின்னா ஷியர் ஸ்ட்ரெஸ் 200 மெகாபாஸ்கல். மைல்ட் ஸ்டீல் 150-க்குள்ளயே மடங்கிடும். ஸ்க்ரூ டிரைவர் அதைவிடக் கெட்டி, தாங்கிடலாம். அப்போ அடி வாங்கறது அலுமினிய ஹெட்.

சித்தப்பா தறிக்காரர். பார்த்துட்டு, "படமரத்துக்குக் கம்பு போடற மாதிரி நீளமா எதையாச்சும் போடேன்"னார். அவ்வளவுதான் விஷயம். அரை மீட்டர் இரும்புப் பட்டையில் ரெண்டு ஓட்டை போட்டு, ரெண்டு போல்ட் மாட்டி, அதை ஸ்ப்ராக்கெட் ஓட்டைகளில் நுழைச்சுப் பிடிச்சா, அதே 100 நியூட்டன் மீட்டருக்குக் கையில் 20 கிலோ அழுத்தம் போதும். ஹெட்டுக்குப் பாரமே போகாது. (கிராங்க் போல்ட்டுக்கு இது வேண்டாம். அஞ்சாவது கியர் போட்டு, ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுக்கிட்டா போதும். நடுவில் போன் வந்தாலும் காலை எடுக்கக் கூடாது.)

கேம் லேசா நகர்ந்தா என்னன்னு கேட்கலாம். பெல்ட் இல்லாதப்போ வால்வ் ஸ்ப்ரிங்கே கேமை உதறித் தள்ளும். 40 பல் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் தப்பினா கேமில் 9 டிகிரி, கிராங்க் கணக்கில் 18 டிகிரி. சில இன்ஜின்களில் வால்வ் போய் பிஸ்டனில் இடிச்சு, ஹெட்டையே இறக்கற செலவு வரும். அதனாலதான் எல்லாம் மாட்டினதும் கிராங்க்கைக் கையால் ரெண்டு சுத்து சுத்தி, குறி சேருதான்னு பார்க்காம சாவியைத் தொடக் கூடாது.

நம்ம காலேஜ்கிட்ட எனக்கு ஒரு கோபம் உண்டு. வால்வ் டைமிங் டயகிராம் வரைய வெச்சாங்க, சரி. முதல் வருஷம் ஃபிட்டிங் லேபில் கை காய்ச்சுப் போக அரம் போட்டு 'வி' ஜாயின்ட் செஞ்சோமே, அது எங்க? மார்க் போட்டதும் பழைய இரும்போட போயிடுச்சு. அதே பட்டை, அதே அரம், அதே டிரில்லிங் மெஷின். அதுக்குப் பதிலா இந்த டூலைச் செய்யச் சொன்னா என்ன? அளவெடுக்கறது, குறி போடறது, ஓட்டை போடறது எல்லாம் இதிலயும் இருக்கு. சிலபஸ் ஒண்ணும் கெட்டுடாது.

நாங்க செஞ்ச பட்டை இப்போ தெருவில் மூணாவது வீட்டில் இருக்கு. திருப்பி வாங்கணும்.